வெளிச்சுவரைக் கழுவும் முறை



வீட்டைப் பெருக்குவதும் மெழுகுவதும் நமக்குப் பழகிய வேலைகள். வெளிச்சுவரைக் கழுவுவது என்றால் மட்டும் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். மழை கழுவிவிடும், பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடித்தால் போயிற்று என்பதே நம் வழக்கம். அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே வெளிச்சுவர் கழுவுவது ஒரு தனித் தொழில். அதற்கென இயந்திரங்களும், பயின்ற ஆட்களும் உண்டு.

மேற்படிப்புக்காக அந்நாடு சென்ற நண்பர் ஒருவர், தாம் குடியிருந்த மாடி வீட்டின் சுவரில் படிந்த பச்சைப் பாசியைப் போக்க எண்ணினார். நீரை விசையுடன் பீச்சும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். தரையில் நின்றபடியே மாடிச் சுவர்வரை பீச்சினார். மாலைக்குள் சுவர் பளிச்சென்று ஆகிவிட்டது. சில வாரங்கள் சென்றன. மாடி அறையின் உட்சுவரில் ஈரம் கசிந்தது. பூஞ்சை நாற்றமும் எழுந்தது. அவர் செய்த பிழை யாது? அதனைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவரின் அமைப்பு

நம் ஊர்ச் சுவர் செங்கல்லும் சாந்தும் சேர்ந்த ஒரே கட்டு. அமெரிக்காவில் பல வீடுகளின் சுவர் அவ்வாறன்று. மரச்சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் பலகை அடித்து, அதன்மேல் ஈரம் தடுக்கும் தாளை ஒட்டி, எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு போர்வை போர்த்துகிறார்கள். இப்போர்வைக்குச் ‘சைடிங்’ என்று பெயர். முன்னாளில் இது மரப்பலகையாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அலுமினியம் பரவியது. 1950-களின் இறுதியில் வினைல் என்னும் பிளாஸ்டிக் வந்தது.

வினைல் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து, மீன் செதிள்போல் அமைந்திருக்கும். வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் ஆதலால், அவற்றை இறுக அடிக்காமல் ஆணியில் தளரத் தொங்க விடுவார்கள். உட்புகும் சிறிதளவு நீர் வடிய அடி விளிம்பில் சிறு துளைகளும் உண்டு. மேலிருந்து வரும் மழை இதில் வழிந்தோடிவிடும். கீழிருந்து மேல்நோக்கிப் பீச்சும் நீரோ பட்டைகளின் இடுக்கில் நுழைந்து உள்ளே தங்கிவிடும். நம் நண்பரின் பிழை இதுவே. அவர் அழுக்கைக் கண்டார், சுவரைக் காணவில்லை.

அழுக்கை அறிதல்

மருத்துவர் நோயை அறிந்து மருந்து தருவதுபோல, கழுவுவோரும் முதலில் கறையின் இனத்தை அறிதல் வேண்டும். வடக்கு நோக்கிய சுவரில் அங்கே வெயில் குறைவு. ஆகவே ஈரம் நிலைத்துப் பாசியும் பூஞ்சையும் வளரும். சாலையோரச் சுவரில் புழுதியும் புகையும் படியும். ஆணியைச் சுற்றி இரும்புத் துரு இறங்கும். பழைய அலுமினியத்தின் வண்ணம் நாளடைவில் வெண்பொடியாகிக் கையில் ஒட்டும்.

கருமையான கறை பூஞ்சையா, புழுதியா என்று ஐயம் எழுந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. வெளுப்பு நீரில் ஒரு துளியைக் கறையின்மேல் இட்டுப் பாருங்கள். ஓரிரு நிமிடங்களில் கருமை வெளுத்தால் அது பூஞ்சை. வெளுக்காவிட்டால் புழுதியாகவோ புகையாகவோ இருக்கலாம். அதற்குச் சோப்பு நீரே ஏற்றது. துருவுக்கு வெளுப்பு நீர் பயன்படாது. ஆக்ஸாலிக் அமிலமே அதனைக் கரைக்கும்.

விசையும் மருந்தும்

தோட்டக் குழாயில் வரும் நீரின் அழுத்தம் சதுர செண்டிமீட்டருக்குச் சுமார் 3 அல்லது 4 கிலோகிராம். பீச்சும் இயந்திரம் தருவதோ 100 முதல் 200 கிலோகிராம் வரை. இவ்விசை மரத்தில் பட்டால் நார் எழும்பும்; வண்ணம் உரியும். செங்கல்லில் பட்டால், சூளையில் வெந்த அதன் மேற்தோல் சிதைந்து, உள்ளிருக்கும் மென்பகுதி மழைக்கு இரையாகும். மணலைப் பீச்சித் தூய்மை செய்வது இதனினும் கொடிது. பழைய கட்டடங்களுக்கு அது விளைக்கும் கேட்டை அமெரிக்க உள்துறை 1979-இல் தனி வெளியீட்டாலேயே எடுத்துரைத்தது.

மேலும், விசை பாசியை உதிர்க்குமே தவிர அதனை முழுதும் கொல்லாது. எஞ்சியது மீண்டும் தழைக்கும். ஆதலால் இன்று தேர்ந்த தொழிலாளர் மென்கழுவல் முறையையே வினைல் சுவருக்கு விரும்புகின்றனர். மருந்து வேலை செய்ய, நீர் அதனைக் கழுவிச் செல்ல வேண்டும் என்பதே இதன் தத்துவம்.

அம்மருந்து சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். நம் ஊர்க் கிணறுகளில் இடும் பிளீச்சிங் பவுடரின் உறவினன் இது. கடையில் 5 விழுக்காட்டுக் கரைசலாகக் கிடைத்தால், ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் சேர்க்க 1 விழுக்காடாகும். பாசியைக் கொல்ல இதுவே போதும். கரைசல் சுவரில் ஒட்டி நிற்கச் சிறிது சோப்பு சேர்ப்பார்கள்.

கழுவும் முறை

முதலில் மறைவான ஓரிடத்தில் கரைசலைத் தடவி, நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். சன்னல்களை அடைத்து, செடிகளையும் அவற்றின் வேரடி மண்ணையும் நல்ல நீரால் நனைக்க வேண்டும். வயிறார நீர் குடித்த செடி மருந்தைக் குறைவாகவே உறிஞ்சும்.

கரைசலைக் கீழிருந்து மேலாகப் பூச வேண்டும். மேலிருந்து தொடங்கினால், ஒழுகும் அழுக்கு நீர் உலர்ந்த சுவரில் கோடு கோடாகக் கறை பதிக்கும். ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிட்டு, உலர்வதற்கு முன்பே மேலிருந்து கீழாக மென்மையாக அலச வேண்டும். வெயிலேறாத காலை நேரமே இதற்கு உகந்தது.

அபாயங்கள்

வெளுப்பு நீரோடு எந்த அமிலத்தையும் கலக்கலாகாது. கலந்தால் குளோரின் வாயு எழும். முதல் உலகப் போரில் 1915-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஈப்ர நகரருகே படைவீரரை மாய்த்த வாயு இதுவே. வினைலுக்கு வினிகர் 30 பங்கும் நீர் 70 பங்கும் கலந்த கரைசலும் ஏற்றது என்பர். ஆனால் வினிகரும் அமிலமே. ஆகவே ஒருவர் இரண்டில் ஒன்றையே பயன்படுத்த வேண்டும். அம்மோனியாவும் வெளுப்பு நீரோடு சேரலாகாது.

ஏணியின்மேல் நின்று விசைக்குழாயைப் பிடிப்பது பேராபத்து. குழாய் பின்னோக்கி உதைக்கும். ஆள் கீழே விழுவான். அலுமினிய ஏணி மின்கம்பியில் பட்டால் உயிரே போகும். ஊசிபோல் பாயும் நீர் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாயினும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இன்னொன்று: அமெரிக்காவில் வீட்டு வண்ணங்களில் ஈயம் 1978-இல்தான் தடுக்கப்பட்டது. அதற்கு முந்திய வீட்டை விசையால் கழுவினால் ஈயத்தூள் முற்றத்து மண்ணில் உதிரும். அங்கே விளையாடும் குழந்தையின் உடலில் அது சேரும்.

எனவே ஆளை அமர்த்துவோர் கூலியை மட்டும் கேட்டல் போதாது. கறை என்ன, மருந்து என்ன, விசை எவ்வளவு, ஏணியில் ஏறுவோருக்குக் காப்புறுதி உண்டா என்று கேட்க வேண்டும்.

தாஜ்மகால் தரும் சான்று

இம்முறை அமெரிக்கருக்கே உரியதன்று. தாஜ்மகாலின் பளிங்கு மாசினால் மஞ்சளித்தபோது நம் தொல்பொருள் துறையினர் விசையை நாடவில்லை. 1994 முதல் பலமுறை முல்தானி மண்ணைக் குழைத்துப் பளிங்கின்மேல் மெல்லப் பூசி, அது அழுக்கை உறிஞ்சி உலர்ந்தபின் தூயநீரால் கழுவியெடுத்தனர். பெண்கள் முகத்தில் பூசும் அதே மண்தான்!

அமெரிக்கா செல்ல எண்ணும் நண்பர்கள் இதனை நினைவிற் கொள்க. செல்லாதவர்களும், அடுத்த விடுமுறையில் ஊர் சென்றதும் வீட்டுச் சுவரின் பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டுமுன், அச்சுவர் எதனால் ஆனது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அழுக்கு போக வேண்டும்; சுவர் நிற்க வேண்டும்.