ஊர்க்காரர் ரூமும் ஒத்துவராத ஆளும்

"நம்ம பசங்க ரூம்ல ஒரு கட்டில் காலியா இருக்கு, வந்துரு." இந்த ஒரு பேச்சை நம்பி எங்கள் ஊரான லப்பைக்குடிக்காட்டிலிருந்து துபாய்க்கும் குவைத்துக்கும் விமானம் ஏறியவர்கள் ஏராளம். நானும் அப்படிப் போனவன்தான். துபாயின் தேரா பகுதியில் அடுக்குக் கட்டில், ஒரே அடுப்பு, ஒரே குளியலறை என்று பல வருடம் ஓடிற்று. எந்த ரூமுக்குப் போனாலும் "இவனோட முடியல மச்சான்" என்று மற்றவர்கள் புலம்பும் ஆள் ஒருவர் இருப்பார். அவரை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது எப்படி என்று, இப்போது பெட்டி கட்டும் தம்பிகளுக்குச் சொல்ல நினைக்கிறேன்.

முன்பின் தெரியாதவர்கள் தங்கும் பெட் ஸ்பேஸில் ஆள் சரியில்லை என்றால் மாதக் கடைசியில் கட்டிலைக் காலி செய்யச் சொல்லிவிடலாம். ஊர் ரூமில் அது நடக்காது. அவர் உங்கள் சின்னம்மா மகனாக இருப்பார். இல்லாவிட்டால் உங்கள் தங்கைக்குப் பேச்சு நடக்கிற வீட்டுப் பையனாக இருப்பார். ராத்திரி பாத்திரம் கழுவுவதில் வந்த தகராறு வாட்ஸ்அப்பில் ஊர் போய்ச் சேர்ந்து, மறுநாள் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் இரண்டு குடும்பத்துச் சண்டையாக அதைப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆகவே ரூம் விவகாரத்தை ஊருக்குச் சொல்வதில்லை என்பதை முதல் நாளே எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டம்மாவிடம்கூடச் சொல்லக்கூடாது. இதைக் கடைப்பிடித்த ரூம்களில் மற்ற எல்லாத் தகராறையும் பேசித் தீர்க்க முடிந்தது.

சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் மெஸ் காசு, அதாவது சேர்ந்து சமைக்கும் சாப்பாட்டுக்கான பங்கு. காசு தராதவரில் இரண்டு வகை உண்டு. கம்பெனி சம்பளம் போடாததால் தர முடியாதவர் ஒருவர். சம்பளத்தை வங்கி வழியாகத்தான் போட வேண்டும் என்ற முறை அமீரகத்தில் 2009-லேயே வந்துவிட்டது; ஆனாலும் சின்னக் கம்பெனிகளில் இழுத்தடிப்பு நடக்கத்தான் செய்கிறது. இவர் வெட்கத்தில் பேச்சைக் குறைத்துவிடுவார், சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய்விடுவார். திமிர் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். தனியாகக் கூப்பிட்டு, "சம்பளம் வந்ததும் குடு, இப்ப வந்து சாப்பிடு" என்று சொன்னால் போதும். இன்னொருவர், "நான் மத்தியானம் கடையிலதானே சாப்பிடுறேன், எனக்கு எதுக்கு முழுப் பங்கு?" என்று மாதாமாதம் கேட்பவர். இவரிடம் வாதாடிப் பயனில்லை. யார் எந்த வேளை சாப்பிட்டார் என்று நோட்டில் எழுதி, வேளைக் கணக்கில் பிரித்தோம். சில மாதங்களில் அவர் தானாகவே முழுப் பங்குக்கு வந்துவிட்டார். காரணம், நோட்டில் பார்த்தால் ராத்திரி இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறவர் அவர்.

தினமும் உப்பு குறை, புளி அதிகம் என்கிறவருக்கு வார விடுமுறைச் சமையலைக் கொடுத்துவிடுங்கள். நன்றாகச் சமைத்தால் ரூமுக்கு லாபம். இல்லையென்றால் அடுத்த வாரத்திலிருந்து வாய் திறக்க மாட்டார். சமையல் முறையைத் தட்டிக்கழிப்பவரை அடுப்படிக்கு இழுக்க வேண்டாம், சாமான் வாங்கும் பொறுப்பைத் தரலாம். சிலருக்கு வெங்காயம் நறுக்குவதுதான் கஷ்டம், இரண்டு மாடி மூட்டை தூக்கச் சொன்னால் தூக்கிவிடுவார்கள்.

தூக்கம் இதைவிடச் சிக்கல். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் படுத்திருக்கும்போது ஸ்பீக்கரில் பேசுகிறவர், வீடியோ காலில் வீட்டாருக்கு ரூமைச் சுற்றிக் காட்டுகிறவர் என்று பலர். பின்னணியில் கைலியோடு நிற்பவரின் மானம் போகிறதே என்று காட்டுகிறவருக்குத் தோன்றாது. வீடியோ கால் என்றால் வராந்தாவில்தான் என்று எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிட்டால் யாரையும் பெயர் சொல்லிக் குத்த வேண்டியதில்லை. நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுப்புவதிலும் உரசல் வரும். அதற்கு ஒருவரை முதலிலேயே பேசிவைக்க வேண்டும்.

முன்பு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். பாதி மனஸ்தாபம் சேர்ந்து சாப்பிடும் அந்த ஸஹன் தட்டிலேயே கரைந்துவிடும். 2022 ஜனவரியில் அமீரக அரசு வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியது. அதன்பின் ஒருவருக்கு வெள்ளி லீவு, ஒருவருக்கு ஞாயிறு, கடைக்காரருக்கு எதுவுமே இல்லை. கூடுவதற்கு ஒரு நேரத்தைப் பிடித்துவைக்காத ரூம்களில் பேச்சு குறைந்து முணுமுணுப்பு கூடியதைப் பார்த்தேன்.

பஞ்சாயத்து என்று வந்தால், வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் நடுவராக உட்காரக்கூடாது. கட்டிலும் அட்வான்ஸும் அவர் கையில் இருப்பதால் அவர் நியாயமே சொன்னாலும் மிரட்டல் போலத்தான் கேட்கும். வயதில் மூத்த, பணக் கணக்கில் சம்பந்தமில்லாத ஒரு பாய் பேசட்டும்.

புது ஆளைச் சேர்க்கும்போதும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டென்மார்க்கில் 1972-ல் 27 குடும்பங்கள் சேர்ந்து சேத்தடாமன் என்ற கூட்டுக் குடியிருப்பை உண்டாக்கின. இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் பல இடங்களில் புதிதாக வருகிறவரோடு பழகிப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்கிறார்கள். நம்மால் அது ஆகாது, தம்பி ஏர்போர்ட்டில் நிற்கிறான். ஆனால் முதல் மாதத்தைப் பழகிப்பார்க்கும் மாதம் என்று இரு தரப்பும் சொல்லிக்கொள்ளலாம். சொன்ன ரூம்களில் பிரிவதும் கௌரவமாக நடந்தது.

ஆனால் தீ ஆபத்து என்று வந்தால் தாட்சண்யமே கூடாது. 2023 ஏப்ரலில் தேராவின் அல் ராஸ் கட்டடத் தீயில் 16 பேர் இறந்தார்கள். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் தங்கிய கட்டடம் எரிந்தபோது நம் மாநிலத்துக்காரர்கள் மட்டும் 7 பேர் போனார்கள். படுக்கையில் சிகரெட் பிடிப்பவர், ஒரே பிளக்கில் ஹீட்டரும் சார்ஜரும் சொருகுபவர், வாசலை அடைத்துப் பெட்டி அடுக்குபவர் சொல்லியும் கேட்கவில்லை என்றால், மாமு மகனானாலும் வெளியேற்றத்தான் வேண்டும். கை நீட்டுபவருக்கும் திருடுபவருக்கும் இதே முடிவுதான். தேதி சொல்லி, வேறு இடத்தில் கட்டில் பார்த்துக் கொடுத்து, அட்வான்ஸைத் திருப்பித் தந்து அனுப்புங்கள். காரணத்தை ஊரில் பரப்ப வேண்டாம்.

ஊரில் இருக்கும் அத்தாமார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மகன் போனில் ரூம்காரனைப் பற்றிப் புலம்பினால் காது கொடுத்துக் கேளுங்கள். உடனே அந்தப் பையன் வீட்டுக் கதவைத் தட்டப் போய்விடாதீர்கள்.