அருகம்புல் தரையில் கோரையை அடக்க

வெப்பநாட்டு கோல்ஃப் மைதானங்களில் குழியைச் சுற்றியுள்ள பச்சைத் தரை பெரும்பாலும் அருகம்புல்லின் குட்டை ரகங்களே. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருத்தணியிலும், வெயிலைத் தாங்கி வீட்டு முற்றத்தையும் பள்ளித் திடலையும் மூட அருகம்புல்லே ஏற்றது. அதற்குள் புகுந்து தொல்லை தருவது கோரை.

தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் கோரை தெரிந்துவிடும்: மூன்று பட்டை, கணு இல்லை. அருகின் தண்டு கணுக்கணுவாக இருக்கும்.

கோரையை வெறுமனே இழுத்தால் தாள்தான் கையோடு வரும். கருத்த கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுபடி முளைக்கும். மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது, களைக்கொத்தியை ஆழமாக இறக்கிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். ஒரு கிழங்கிலிருந்து அடுத்ததற்கு வேர்போன்ற மெல்லிய தண்டு ஓடும். அதைத் தொடர்ந்து போவது முக்கியம். தப்பியவை முளைவிடும், ஆகையால் இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை திரும்பவும் கொத்த வேண்டும். புதுக் கிழங்கு பிடிப்பதற்குள் எடுப்பதில்தான் வெற்றி இருக்கிறது. பிடுங்கியதை எருக்குழியில் போடக்கூடாது.

உப்பைக் கரைத்து ஊற்றுவது பெருந்தவறு, மண் கெடும். கிளைபோசேட் மருந்து அருகையும் சேர்த்துக் கருக்கிவிடும்.

தினமும் நீர் தெளித்தால் கோரைக்குக் கொண்டாட்டம். மண் காய்ந்தபின் நன்றாக நனைப்பதே அருகுக்கு நல்லது. வெற்றிடங்களில் அருகின் தண்டுத் துண்டுகளை நட்டு மூட வேண்டும். மேடுபள்ளம் நிரவ ஏரி மண் கொட்டுமுன் சலிப்பது நல்லது, கிழங்கு பெரும்பாலும் அதில்தான் வந்துசேர்கிறது.