வெனிஸ் நகரில் கண்ணாடி வாங்குதல்

இத்தாலி நாட்டின் வடகிழக்கில், கடற்கழியின் நடுவே எழுந்த பழம்பெரும் நகரம் வெனிஸ். அங்கே கால்வாய்களே வீதிகள், படகுகளே வண்டிகள். பெரிய கால்வாயின்மேல் வளைந்து நிற்கும் ரியால்டோ கற்பாலம் 1591-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன்மேல் இரு வரிசையாகக் கடைகள் உள்ளன. பாலத்தின்மேல் கடையா என்று வியக்காதீர்கள். முன்பிருந்த மரப்பாலத்திலும் கடைகள் இருந்தன. அவற்றின் வாடகைப் பணம் பாலத்தைப் பழுதுபார்க்க உதவியது.

வெனிஸ் செல்லும் பயணிகள் பெரிதும் விரும்பி வாங்குவது கண்ணாடிப் பொருள். நகரத்து வீடுகளில் தீப்பற்றும் என்றஞ்சிய அரசு, 1291-இல் கண்ணாடி உலைகளை அருகிலுள்ள முரானோ தீவுக்கு மாற்ற ஆணையிட்டது. தொழில் இரகசியம் வெளியேறாதிருக்க, கைவினைஞர் பிறநாடு செல்வதையும் தடுத்தது.

மணலையும் சோடா உப்பையும் ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருக்கி, நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் எடுத்து, வாயால் ஊதி உருவாக்குவர். 'ஆயிரம் பூ' என்று பொருள்படும் மில்லெஃபியோரி வேலைப்பாடு இன்னும் அழகியது. வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்தால் துண்டுதோறும் ஒரே பூ வடிவம் தோன்றுமல்லவா? அவ்வாறே, பல வண்ணங்களை உள்ளடக்கிய கண்ணாடிக் கோலைச் சிறு வில்லைகளாக நறுக்கி, அருகருகே அடுக்கிச் சூட்டில் ஒன்றாக இணைப்பர்.

ஆனால் வெனிஸ் கடைகளில் உள்ள கண்ணாடியெல்லாம் முரானோவில் செய்தது அன்று. வேற்று நாட்டுத் தொழிற்சாலைப் பொருளும் அவற்றின் பக்கத்திலேயே மலிவாக விற்கப்படுகிறது. எனவே 1994-இல் வட்டார அரசு சட்டம் இயற்றி, 'வெட்ரோ ஆர்ட்டிஸ்டிகோ முரானோ' என்னும் அடையாள முத்திரையை ஏற்படுத்தியது. வாங்குமுன் அதனைத் தேடலாம். முத்திரை பெறாத நல்ல பட்டறைகளும் உண்டு. ஆதலால் எங்கே, யார் செய்தது என்று கடைக்காரரைக் கேட்பதில் வெட்கம் வேண்டா. கையால் செய்த இரண்டு குவளைகள் அச்சில் வார்த்தாற்போல் ஒத்திரா.

புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரைப் பொறித்த போலிப் பைகளைத் தெருவில் வாங்குவது வேறுவகை ஆபத்து. இத்தாலியச் சட்டம் வாங்கியவருக்கே 7,000 யூரோ வரை தண்டம் விதிக்கும்!

முரானோ உலைகள் இரவும் பகலும் எரிபவை. 2022-இல் எரிவாயு விலை ஏறியபோது பல உலைகள் அணைக்கப்பட்டன. பெரிய விளக்கு வாங்க வசதியில்லாத பயணியும் அத்தீவில் செய்த ஒரு சிறு கண்ணாடி மணியை வாங்கலாம். அப்பணம் உலையருகே வியர்வை சிந்தி நிற்கும் தொழிலாளியைச் சேரும்.