இலை தின்னும் புழு யாருடைய பிள்ளை?

புழுவைக் கண்டதும் எல்லோரும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் நிறத்தைப்போல ஏமாற்றுவது வேறில்லை. முதலில் பார்க்க வேண்டியது செடியை, அடுத்தது கால்களை. புளியங்குடி எலுமிச்சைத் தோப்பில் கொழுந்தைக் கடிக்கும் புழு, சிறிதாக இருக்கையில் பறவை எச்சம்போலக் கிடக்கும், முற்றியதும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்புபோல ஓர் உறுப்பு நீளும், நெடி வீசும். அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. குளிர் மாதங்களில் பக்கத்துப் பாத்தியில் முள்ளங்கியோ கடுகோ இருந்து, இலை சல்லடையாகியிருந்தால் வேறொன்றைத் தேடுங்கள். தொட்டதும் சுருண்டு பொத்தென்று மண்ணில் விழும் கரும்பச்சைப் புழு, கடுகு ரம்ப ஈயினுடையது, குளவிக்கு உறவு. கை லென்ஸில் பாருங்கள்: நெஞ்சுக் கால்களுக்குப் பின்னால் பட்டாம்பூச்சிப் புழுவுக்குச் சதைக்கால்கள் ஐந்து ஜோடிக்கு மேல் இராது, இதற்கு எட்டு ஜோடி.

எதுவானால் என்ன, மருந்தடித்தால் இரண்டும் சாகும் என்பார்கள். எல்லா மருந்துக்கும் அது பொருந்தாது. பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களின் குடலைத் தாக்கும் பி.டி. பாக்டீரியா மருந்து, ரம்ப ஈப் புழுவை ஒன்றும் செய்யாது; அடித்த காசு வீண். எலுமிச்சங்கன்றில் இருக்கும் நாலைந்து புழுவுக்கோ மருந்தே தேவையில்லை, கையால் பொறுக்கிவிடலாம்.

படங்களோடு ஒப்பிட்டால் போதாதா என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் ரம்ப ஈக்கள் மிகுந்திருப்பது குளிர்நாடுகளில். பிரிட்டனின் மேட்டுப் புதர்நிலங்களில் வில்லோவையும் பிர்ச்சையும் தின்னும் இனங்களின் படம் நம் தோப்புக்கு உதவாது. நீலகிரி, பழனி மலைகளின் சோலைப் புல்வெளியில் எடுத்த படத்தையும் மலையடிவாரத்துப் புளியங்குடியில் எடுத்ததையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. செடி, உயரம், மாதம் மூன்றையும் எழுதாத படம் பாதிச் சாட்சிதான். படம் எடுப்பதானால் பக்கவாட்டில் எடுங்கள். மேலிருந்து எடுத்தால் கால் தெரியாது.

கால் எண்ணிக்கை பூச்சியின் பெரும்பிரிவைத்தான் சொல்லும், இனத்தைச் சொல்லாது என்று பூச்சியியலாளர் மறுக்கலாம். சரிதான். அதற்கு வளர்ந்த பூச்சி வேண்டும். புழுவை அது தின்ற இலையோடு, அடியில் ஈரமண் போட்ட பாட்டிலில் விட்டு, வாயைத் துணியால் கட்டுங்கள். மண் அவசியம், கடுகு ரம்ப ஈப் புழு கூட்டுப்புழுவாவது அதற்குள்தான். கடுகு ரம்ப ஈயாக இருந்தால் ஆரஞ்சு உடல், கறுத்த தலை, புகைநிற இறக்கைகளோடு, குளவிக்குரிய ஒடுங்கிய இடுப்பில்லாமல் வெளிவரும்.