ராஜாஜியை முழுதாகப் படி

பாபநாசம்,
தஞ்சாவூர் மாவட்டம்.

அன்புள்ள பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சட்டக் கல்லூரி விவாத மேடையில் ராஜாஜியையும் சுதந்திராக் கட்சியையும் ஆதரித்துப் பேசப் போவதாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம். உன் வயதில் பலரும் அவரைப் படிக்காமலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். நீ படித்துவிட்டுப் பேச நினைக்கிறாய்.

மூன்று வாதங்களை அடுக்கியிருக்கிறாய். வரி குறைந்தால் நாடு உயரும். அரசாங்கம் வியாபாரத்தை விட்டு விலக வேண்டும். இந்தக் கொள்கையில் நம்பிக்கை உள்ளவர்களே நீதிபதிகளாக வர வேண்டும். முதல் இரண்டில் உனக்குப் பாதி வழி துணை வருவேன். மூன்றாவதில் உன்னோடு வர என்னால் முடியாது. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் வரி. ராஜாஜி வரியை எதிர்த்து நடந்த பாதை நம் ஊர்களின் வழியாகத்தான் போகிறது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்டு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று நடந்து, மாதக் கடைசியில் வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார். சத்தியாக்கிரகிகளுக்குச் சோறு போட்டால் சிறை என்று கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஜனங்கள் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யாரென்று தெரியாது. சாப்பிட்டவர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

அதே ராஜாஜிதான், ஒன்பது ஆண்டு கழித்து, 1939-ல் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியிருந்தார். கள், சாராயத்தில் வந்த வருமானம் போயிற்று. அந்த ஓட்டையை அடைக்க வேறு வழி வேண்டியிருந்தது. இன்று நீ கடையில் கொடுக்கும் ஜிஎஸ்டிக்கு அந்தச் சட்டம் ஒரு பாட்டன் முறை. ஆகவே, வரி என்றாலே கொள்ளை என்று அவர் பெயரைச் சொல்லிப் பேசாதே. எதற்காக வாங்குகிறாய், யாரிடம் வாங்குகிறாய், வாங்கியதற்குக் கணக்குச் சொல்வாயா என்ற மூன்று கேள்விகளைத்தான் அவர் கேட்டார். உப்பு வரியில் மூன்றுக்கும் நல்ல பதில் இல்லை. அதனால் மீறினார். தாம் போட்ட வரிக்கு அவர் சட்டசபையில் நின்று பதில் சொன்னார்.

1970-களின் தொடக்கத்தில் இந்தியாவில் வருமான வரியின் உச்ச விகிதம், கூடுதல் வரியையும் சேர்த்து, 97.75 சதவீதம். மேல்தட்டில் ஒருவர் கூடுதலாக நூறு ரூபாய் சம்பாதித்தால் இரண்டே கால் ரூபாய்தான் மிஞ்சும். விளைவு என்ன? கணக்கு இரண்டாயிற்று. நேரடி வரிகளை ஆராய்ந்த வாஞ்சூ குழு 1971-லேயே விகிதத்தைக் குறைக்கச் சொன்னது. 1974-ல் அது 77 சதவீதத்துக்கு இறங்கியது. வரி அளவு மீறினால் நேர்மையாளனுக்குத் தண்டனை, கள்ளனுக்குச் சலுகை என்ற உன் வாதம் இங்கே உறுதியாக நிற்கும். தயங்காமல் சொல்.

ஆனால் சொல்லும்போது நம் வீட்டையும் பார்த்துக்கொள். வயல் வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. விவசாய வருமானத்தின் மீது வரி போடும் அதிகாரம் அரசியல் சட்டப்படி மாநிலங்களுக்கு உரியது. பெரிய நில உடைமைகளுக்கு வரி போடலாம் என்று கே.என். ராஜ் குழு 1972-ல் சொன்னது அப்படியே கிடப்பில் போய்விட்டது. இருபது மா வைத்திருப்பவனும் இருநூறு மா வைத்திருப்பவனும் அந்த விலக்கின் கீழ் ஒன்றாக நிற்கிறார்கள். மறுபக்கம், 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பையில் அடைத்து விற்கும் அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது. உடனே கடைகளில் 26 கிலோ மூட்டை முளைத்தது. ஒரேயடியாக 26 கிலோ வாங்க வசதி உள்ளவர் வரியிலிருந்து தப்பினார். ஐந்து கிலோ பை வாங்குகிறவர் கட்டினார். உப்புச் சத்தியாக்கிரகத்தின் பாடம் தெரிந்தவர் இதைப் பற்றியும் பேச வேண்டும்.

இரண்டாவது, பொருளாதாரம். ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ என்ற சொற்றொடர் ராஜாஜியுடையது. நீ அதைப் புத்தகத்தில் படித்தாய். நான் நெல்லில் பார்த்தேன். என் இளமையில் தஞ்சை ஜில்லா நெல் ஜில்லா எல்லையைத் தாண்ட பெர்மிட் வேண்டும். தாண்டினால் அதற்குப் பெயர் கடத்தல். ரயிலில் பெண்கள் நாலைந்து படி அரிசியைப் புடவை மடிப்புக்குள் கட்டிக்கொண்டு, போலீஸ்காரர் ஏறும் ஸ்டேஷனில் கர்ப்பிணிபோல வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விளைத்தவன் இந்தப் பக்கம், பசித்தவன் அந்தப் பக்கம், நடுவில் ஒரு சீட்டு. 1952-ல் முதலமைச்சரானதும் அரிசிக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் ராஜாஜி நீக்கியதை ஜனங்கள் வெகு காலம் நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான். பிற்காலத்தில் கட்டுப்பாடுகள் திரும்பி வந்தபோது அந்த நினைப்பு இன்னும் கூடியது. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை முறைக்குத் தீர்மானம் போட்டது. அதற்கு எதிர்ப்பாக, அதே ஆண்டு ஜூனில் சென்னையில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி பிறந்தது. 1967 தேர்தலில் மக்களவையில் 44 இடங்களோடு அது பெரிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது.

இவ்வளவும் உன் பக்கத்து நியாயம். இனி எதிர்ப்பக்கத்தையும் கேள்.

அரசாங்கம் முழுக்க விலகட்டும் என்று மேடையில் சொல்வதற்கு முன், தை மாதம் சம்பா அறுவடை நேரத்தில் வந்து நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் ஒரு நாள் நின்று பார். களத்தில் நெல் அம்பாரமாகக் கிடக்கும். மேலே தார்ப்பாய். மேகம் கருத்தால் எல்லோர் கண்ணும் வானத்தில். ஈரப்பத மீட்டர் 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மூட்டை திரும்பும்; மறுபடி காயவைக்க வேண்டும்; காயும்போது மழை வரும். அந்த விவசாயியிடம் போய் ‘அரசாங்கம் கொள்முதலை விட்டுவிட வேண்டும்’ என்று சொன்னால் உன்னை ஏற இறங்கப் பார்ப்பார். அவருக்கு வேண்டியது ஒழுங்காக எடைபோட்டு, காலத்தில் பணம் தரும் அரசாங்கம். வாய்க்காலில் முதல்மடைக்காரனுக்கு முறைப்பாசனம் இடைஞ்சல். கடைமடைக்காரனுக்கு அதுதான் உயிர். பொருளாதாரத்தில் எந்தக் கட்டுப்பாட்டை எடுத்தாலும் கடைமடையில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு சொல். நெல்லை நகரவிடாமல் தடுத்த சீட்டு போகட்டும். நெல்லை வாங்கிக்கொள்ளும் தராசு இருக்கட்டும்.

ராஜாஜிக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. 1952-ல் அவர் செய்த இன்னொரு காரியத்தை உன் குறிப்பில் காணோம். கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று சட்டசபையில் அறிவித்தவர், அதே ஆண்டு ஆகஸ்டில் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு குத்தகைதாரருக்கு என்றது சட்டம். இஷ்டத்துக்கு வெளியேற்றக் கூடாது, பண்ணையாளைச் சும்மா நிறுத்தக் கூடாது என்றது. மிராசுதார்கள் கொதித்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவும் தோழர்களும் சேரி சேரியாகப் போய்க் கட்டிய விவசாயிகள் இயக்கம் கொடுத்த நெருக்கடியும் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது. இருந்தாலும் கையெழுத்து அவர் அரசாங்கத்துடையது. சொத்துரிமையை மதித்த ஒருவர், சொத்து இல்லாதவனுக்கும் சட்டத்தில் ஓர் இடம் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட தருணம் அது.

அவர் சறுக்கிய இடத்தையும் மறைக்காதே. 1953-ல் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் போட்டார். பண்ணையாள் மகன் அப்பனிடம் எதைப் பழகுவான்? இந்த ஒரு கேள்விக்கு அந்தத் திட்டத்தில் விடை இல்லை. குலக்கல்வி என்று தமிழ்நாடே எதிர்த்தது. 1954-ல் பதவியை விட்டு விலகினார். பழையதைக் காப்பாற்றப் புறப்படுகிறவர் எந்தப் பழையது யாரை அழுத்தியது என்று பார்க்கத் தவறினால் இதுதான் நடக்கும். பழமைவாதம் பேசுகிற ஒவ்வொருவருக்கும் இது பாடம். உனக்கும்தான்.

மூன்றாவது, நீதிபதிகள். இங்கேதான் நான் உன்னைத் தடுக்கிறேன்.

1961-ல் சென்னை மாநிலம் நில உச்சவரம்புச் சட்டம் போட்டது. குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மூன்றே மாதத்தில் அரசியல் சட்டத்தின் 17-வது திருத்தம் வந்து, அந்தச் சட்டத்தை எந்த நீதிமன்றமும் அன்று தொடமுடியாத ஒன்பதாவது அட்டவணையில் வைத்தது. சுதந்திராக் கட்சி அந்தத் திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தது. 1967-ல் கோலக்நாத் வழக்கில் 6-க்கு 5 என்று நீதிமன்றம் அடிப்படை உரிமைகளின் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி சுப்பா ராவ், பதவியை விட்டு எதிர்க்கட்சிகளின் ஜனாதிபதி வேட்பாளரானார். சுதந்திராக் கட்சி அவரை ஆதரித்தது. எனக்கு அவர் தீர்ப்பின் மீது மரியாதை உண்டு. ஆனால் நீதிபதி நாற்காலியிலிருந்து நேரே தேர்தல் களத்துக்கு வந்தது தீர்ப்பின் மதிப்பைக் குறைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1973 ஏப்ரல் 24 அன்று, நாடாளுமன்றத்தின் திருத்த அதிகாரத்துக்கு எல்லை வைத்த கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பு, 7-க்கு 6. மறுநாளே மூத்த நீதிபதிகள் ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் ராஜினாமா செய்தார்கள். ராஜாஜி மறைந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நியமனத்தை மக்களவையில் நியாயப்படுத்திப் பேசியவர் நம் தமிழ்நாட்டுக்காரரான மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம். தலைமை நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய சமூகத் தத்துவத்தையும் அரசாங்கம் பார்க்கலாம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இப்போது உன் மூன்றாவது வாதத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பார். கொள்கையின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. அவர் சோஷலிச நீதிபதியைக் கேட்டார். நீ சந்தைப் பொருளாதார நீதிபதியைக் கேட்கிறாய். அமெரிக்காவில் செனட் சபையில் இரு கட்சிகளும் நீதிபதி நியமனத்தைத் தேர்தல்போல நடத்துவதைப் பார்க்கிறோமே, அந்த வழியின் முடிவு அது. நம் நாட்டில் முடிவு இன்னும் சீக்கிரம் தெரிந்தது. 1976 ஏப்ரலில், நெருக்கடி நிலையில் சிறைப்பட்டவருக்கு நீதிமன்றத்தில் முறையிடும் உரிமைகூட இல்லை என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். அடுத்த ஜனவரியில் அவரையும் தாண்டி எம்.எச். பெக் தலைமை நீதிபதியானார்.

இன்றைக்குக் கொலீஜியம் என்ற முறை இருக்கிறது. நாடாளுமன்றம் கொண்டுவந்த நியமன ஆணையத்தை 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அரசாங்கம் ஆட்டிவைப்பதைவிடக் கொலீஜியம் மேல். ஆனால் நீதிபதிகள் மூடிய அறையில் நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதும் கணக்குச் சொல்லாத அதிகாரம்தான். காரணங்களை வெளியே வை என்று நீ கேட்டால் முதல் ஆளாகக் கைதட்டுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசாங்கத்துக்கு வளையாத நீதிபதி இருந்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதே. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் பண்ணைக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமைக்காரர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்த நீதிபதிகளை எந்த அரசாங்கமும் மிரட்டவில்லை. நிலமும் அந்தஸ்தும் உள்ளவர் இப்படிச் செய்திருப்பாரா என்ற நினைப்பே அங்கே குறுக்கே நின்றது. மந்திரிக்கு அஞ்சாத நீதிபதி மிராசுக்கும் மயங்காதவராக இருக்க வேண்டும். நம் டெல்டாவில் பிறந்த வக்கீல் இதை மறந்தால் வேறு யார் நினைப்பார்கள்?

ஆகவே உனக்கு நான் சொல்வது இதுதான். ராஜாஜியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, கேள்விக்கு உட்படாத அதிகாரத்தின் மீது அவருக்கு இருந்த அவநம்பிக்கை. அது செயலகத்தில் இருந்தாலும் பண்ணை வீட்டில் இருந்தாலும் நீதிமன்ற அறையில் இருந்தாலும் ஒன்றுதான். வரியைப் பற்றிப் பேசினால் கணக்கைக் கேள். கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசினால் அது யாரைத் தடுக்கிறது, யாரைத் தாங்குகிறது என்று பார். நீதிபதியைப் பற்றிப் பேசினால், உன் கட்சி தோற்கும் வழக்கிலும் நீ நம்பக்கூடியவரைக் கேள். நம் ஆள் வேண்டும் என்று மட்டும் கேட்காதே. நாளைக்கு எதிராளியும் அதையே கேட்பான், அவனுக்குச் சொல்ல உன்னிடம் பதில் இருக்காது.

மேடை ஏறும் முன் மூன்றைப் படித்துவிடு: 1952-ன் தஞ்சாவூர் சட்டம், கன்னாவின் மாறுபட்ட தீர்ப்பு, கீழ்வெண்மணி வழக்கின் உயர் நீதிமன்றத் தீர்ப்பு. மூன்றையும் மூலத்திலேயே படி. அதற்குப் பிறகும் ராஜாஜியை ஆதரித்துப் பேச முடியும் என்று தோன்றினால் தைரியமாகப் பேசு. முடியும் என்பதுதான் என் எண்ணம்.

அன்புடன்,
தாத்தா