செர்டாங் தூரமில்லை

தோட்டத்தை விட்டு வந்த குடும்பம் நாங்கள். மகள் எஸ்.பி.எம். எழுதியிருக்கிறாள். பல்கலைக்கழகம் எங்களுக்கெல்லாம் எட்டுமா? – வாசகி, டெங்கில்

பாங்கி, செர்டாங் இரண்டிலும் அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அம்மா, உங்களுக்குப் பக்கந்தான். தூரமெல்லாம் விண்ணப்பத்தில்தான். மெட்ரிகுலேஷனுக்குத் தனி விண்ணப்பம், பல்கலைக்கழக அடிப்படைப் படிப்பான அசாசிக்கு யூ.பி.யூ. விண்ணப்பம். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை மறப்பது நம் வீட்டு வழக்கம், இரண்டையும் போடுங்கள். கிடைக்காவிட்டால் ஆறாம் படிவம். எஸ்.டி.பி.எம்.மும் அதே வாசலில்தான் கொண்டுபோய் விடும்.

மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் தம்பிராஜா 1982இல் ஸ்ரீ முருகன் கல்வி நிலையத்தைத் தொடங்கியதே உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளுக்காகத்தான். பல்கலைக்கழக மாணவர்களே வந்து பாடம் எடுத்தார்கள். உங்கள் தாமானிலும் செர்டாங் யூ.பி.எம்.மில் படிக்கும் அக்கா ஒருத்தி இருப்பாள். தே தாரிக் கலக்கிக் கொடுத்து, விண்ணப்பம் போட மகளோடு கணினி முன் உட்கார வையுங்கள். அப்பாவின் சம்பளச் சீட்டு கையோடு இருக்கட்டும், பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கும் அது வேண்டும்.