நுழைவுத் தேர்வுக்கு முன் ஒரு மறுபார்வை

கோயம்புத்தூரிலிருந்து ஈரோடு செல்லும் இருப்புப் பாதையில் சோமனூர் நிலையத்தில் இறங்குவோர் காதில் முதலில் விழுவது விசைத்தறியின் ஓசையே. சுற்றியுள்ள சிற்றூர்களிலும் அவ்வோசை ஓய்வதில்லை. வீட்டின் ஒரு பகுதியில் தறி, மறு பகுதியில் குடித்தனம் என்று வாழும் குடும்பங்கள் பல. அவ்வீடுகளில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, மேற்கொண்டு கல்லூரி செல்ல விழையும் பிள்ளைகளை மனத்திற் கொண்டே இக்கட்டுரையை வரைகின்றோம். தேர்வு எழுதப் போகின்றவர்கள் அவர்கள். ஆயினும் அவர்களுக்கு இடமும் நேரமும் ஒதுக்கித் தர வேண்டியவர்கள் ஊராட்சி அன்பர்களும் பெற்றோருமே ஆதலின், இதனை அவர்கள் படிப்பது நலம்.

சில ஆண்டுகளுக்கு முன் மே முதல் நாளன்று, சோமனூரையடுத்த ஊராட்சி ஒன்றின் கிராம சபைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். குடிநீர், தெரு விளக்கு பற்றிய பேச்சுகள் முடிந்தபின் தறித் தொழிலாளி ஒருவர் எழுந்தார். "எம்புள்ள பன்னெண்டாவது எழுதியிருக்குதுங்க. நூலு துணி பத்தின பட்டப் படிப்புக்குப் பரீட்சை ஒண்ணு எழுதோணும்னு சொல்றாங்க. அதுக்குப் பேர் எப்பக் குடுக்கறதுங்க?" என்று வினவினார். விசாரித்ததில், விண்ணப்பிக்கும் நாள் மார்ச்சு மாதத்திலேயே முடிந்துவிட்டதென அறிந்தோம். அவ்வாண்டு சனவரி 26-ஆம் நாளும் நாம் அதே கூட்டத்தில் அமர்ந்திருந்தோம். இதைப்பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. கூற வேண்டுமென்று நமக்குத் தோன்றவும் இல்லை. அப்பெண் கோடை விடுமுறையில் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்திற் சேர்ந்தாள். முதற் சம்பளம் வாங்கிய பிள்ளையை மீண்டும் புத்தகத்தின் முன் அமர்த்துவது எளிதன்று என்பதை இவ்வட்டாரத்தில் யாவரும் அறிவர்.

நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. பொறியியல், மருத்துவம் முதலிய தொழிற் படிப்புகளுக்கு 1984-ஆம் ஆண்டு முதல் மாநில அரசே நுழைவுத் தேர்வு நடத்தி வந்தது. கிராமப்புற மாணவர்களுக்கு அது இடையூறாக இருந்தது என்னும் கருத்தின்பேரில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீக்கப்பட்டது. அதன்பின் பொறியியற் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் கொண்டே நடைபெறுகின்றது. எனினும் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கென 'க்யூட்' எனப்படும் பொது நுழைவுத் தேர்வு 2022-ஆம் ஆண்டு வந்தது. அதனைக் கைவிடுமாறு நமது சட்டமன்றம் அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் தீர்மானம் இயற்றியது. தேர்வு தொடர்ந்து நடைபெறுகின்றது. அது நன்றா தீதா என்னும் வாதத்தை அறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். வாதம் முடியுமட்டும் நம் பிள்ளைகள் காத்திருக்க இயலாது.

நெசவுப் பகுதிக்கு இத்தேர்வு தொலைவிலுள்ள விஷயமும் அன்று. கோயம்புத்தூர் பீளமேட்டில், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் 2002-ஆம் ஆண்டில் அமைந்த சர்தார் வல்லபாய் படேல் நிறுவனம் ஜவுளித் துறைப் பட்டப் படிப்புகளை நடத்துகின்றது. அதிற் சேரும் வழி க்யூட் தேர்வே. சோமனூரிலிருந்து பேருந்தில் சென்று திரும்பும் தொலைவுதான். சென்னைத் தரமணியில் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம், அதாவது 'நிஃப்ட்', 1995-ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. கணக்குத் திறன், மொழி வழக்கு, ஆங்கிலப் பத்தி வாசிப்பு, தருக்கம், பொது அறிவு ஆகியவற்றை அதன் பொதுத் திறன் தாள் சோதிக்கின்றது. இரு தேர்வுகளையும் உற்று நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பெரும்பகுதி வினாக்கள் கடினமான பாடங்களிலிருந்து வருவன அல்ல. ஏழாம், எட்டாம் வகுப்பிற் கற்று மறந்தவையே மீண்டும் கேட்கப்படுகின்றன. ஆதலின் புதிதாகக் கற்பதினும் பழையதைப் புதுக்குவதே முதல் வேலை.

இலக்கணத்திலிருந்து தொடங்குவோம். எழுவாயும் பயனிலையும் எண்ணால் ஒத்திருத்தல் வேண்டும். "தறிகள் நின்றது" என்று பேச்சில் சொல்லிப் பழகிய நாவு, எழுதும்போதும் அப்படியே எழுதச் செய்யும். "தறிகள் நின்றன" என்பதே சரி. இது எளிது. "நூல்களின் விலை உயர்ந்தன" என்னும் தொடரில்தான் பிள்ளைகள் தவறுகின்றனர். உயர்ந்தது எது? விலை. நூல்கள் அல்ல. எழுவாய்க்கு முன் நிற்கும் பன்மைச் சொல்லைக் கண்டு ஏமாறலாகாது. ஆகவே "நூல்களின் விலை உயர்ந்தது" என்க. அவ்வாறே "ஒவ்வொரு தறியும் நின்றது" என்பதே முறை. நூறு தறிகள் இருந்தாலும் 'ஒவ்வொரு' என்றதும் ஒருமையாகிவிடுகின்றது.

இதனைத் தமிழில் நன்குணர்ந்த பிள்ளைக்கு ஆங்கில இலக்கணத்தில் பாதி வேலை முடிந்தது எனலாம். 'ஈச் ஆஃப் தி லூம்ஸ்' என்று தொடங்கினால் 'ஹாஸ்' என்று வரவேண்டும், 'ஹாவ்' அன்று. காரணம் முன்சொன்ன அதே காரணம். ஆங்கிலத்திற் பிழை காணும் வினா வந்தால், முதலில் வினைச்சொல்லைக் கண்டுபிடித்து, அதற்கு உரியவர் யார் என்று கேட்கப் பழக்குக. தமிழில் வினை கடைசியில் நிற்கும், ஆங்கிலத்தில் இடையில் நிற்கும். தேடும் இடம் மாறுகின்றதேயன்றித் தேடும் முறை மாறவில்லை.

ஒற்று மிகும் இடங்கள் பற்றிப் பிள்ளைகள் அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டுவதில்லை. நம் தொழிலிலேயே எடுத்துக்காட்டுகள் உள்ளன. "கூலி கேட்டார்" என்பதில் ஒற்று மிகாது. "கூலியைக் கேட்டார்" என்று இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டால் மிகும். தறிக்கான கூலி "தறிக்கூலி" ஆகும். "நெய்த துணி", "நெய்யாத துணி" இரண்டிலும் மிகாது. ஆனால் ஈறு கெட்டு "நெய்யாத் துணி" என்று நின்றால் மிகும். இந்த ஆறையும் சுவரில் எழுதி வைத்து நாள்தோறும் காணச் செய்தாலே போதும், விதி தானே மனத்திற் பதியும்.

வாசிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. பத்தி ஒன்றைக் கொடுத்து வினா எழுப்புவது இவ்விரு நுழைவுத் தேர்விலும் உண்டு. பயிற்சிக்கென நாமே ஒரு சிறு பத்தி அமைத்தோம்:

"மழை பொய்த்த ஆண்டில் பருத்தி வரத்துக் குறைந்தது. நூல் விலை ஏறியது. எனினும் முன்னரே பேசி முடித்த துணி விலையை உற்பத்தியாளர்களால் உயர்த்த இயலவில்லை. சிறு உற்பத்தியாளர் சிலர் தறிகளை நிறுத்தினர்."

தறிகள் நின்றது ஏன் என்பது வினா. விடைகள் நான்கு: மின் கட்டணம் உயர்ந்தமையால், ஆட்கள் கிடைக்காமையால், நூலுக்குக் கூடுதலாகக் கொடுத்தும் துணிக்குக் கூடுதலாகப் பெற இயலாமையால், அரசு ஆணையிட்டமையால். இதனைத் தறி வீட்டுப் பிள்ளைகள் சிலரிடம் கொடுத்துப் பார்த்தோம். மின் கட்டணம் என்றே பலர் குறித்தனர். வியப்பில்லை. வீட்டில் அன்றாடம் கேட்கும் பேச்சு அது. 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கூலி உயர்வு வேண்டித் தறிகள் வாரக்கணக்கில் நின்றதையும் கண்ட பிள்ளைகள் அவர்கள். தறி நிற்பதற்கு நூறு காரணங்களை அவர்கள் அறிவர். ஆனால் வினா அவர்கள் அறிந்ததைக் கேட்கவில்லை, பத்தி சொன்னதைக் கேட்கின்றது. பத்தியில் மின்சாரம் என்னும் சொல்லே இல்லை. தொழிலறிவு மிகுந்த பிள்ளையே இங்குத் தவறுவது ஒரு விந்தை. "எந்த வரியிலிருந்து இவ்விடையை எடுத்தாய்?" என்று கேட்டு, அவ்வரியின்மேல் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வரியைக் காட்ட இயலாத விடை, உண்மையாகவே இருந்தாலும், தேர்வுக்கு உதவாது.

இப்பயிற்சிக்குப் புத்தகம் வாங்க வேண்டுவதில்லை. செய்தித்தாள் போதும். படிப்பறிவில்லாத தாய் தந்தையரும் இதில் துணை நிற்கலாம். பிள்ளை ஒரு செய்தியை உரக்கப் படித்துவிட்டு, அதன் சாரத்தை இரண்டு வாக்கியத்தில் அவர்களுக்குச் சொல்லட்டும். கேட்பவருக்கு விளங்கவில்லையெனில் படித்தவருக்கும் விளங்கவில்லை என்றே கொள்க.

இனிக் கணக்கு. விகிதம், சதவீதம், அளவை, சராசரி ஆகியவையே பெரும்பாலும் வருவன. இவற்றுள் எதுவும் சோமனூருக்கு அந்நியமானதன்று. தறி நிமிடத்திற்கு 120 ஊடை இழை போடுகின்றது எனவும், துணியில் அங்குலத்திற்கு 60 இழை இருக்க வேண்டும் எனவும் கொள்வோம். இவ்விழைக் கணக்கையே தறிக்காரர் 'பிக்' என்பர். 120-ஐ 60-ஆல் வகுக்க, நிமிடத்திற்கு 2 அங்குலம். மணிக்கு 120 அங்குலம். இழை அறுதல், தார் மாற்றுதல் முதலியவற்றால் நூற்றுக்கு 20 பங்கு நேரம் வீணாகுமாயின் மணிக்கு 96 அங்குலமே கிடைக்கும். 10 மணி நேரத்தில் 960 அங்குலம். அங்குலத்திற்கு 2.54 செ.மீ. ஆதலால் ஏறத்தாழ 24.4 மீட்டர். வகுத்தல், பெருக்கல், சதவீதம், அலகு மாற்றம் ஆகிய நான்கும் இவ்வொரு கணக்கில் அடங்கின. இதனைத் தந்தையார் மனக்கணக்காகவே போட்டுவிடுவார். மகனோ தாளில் எழுதச் சொன்னால் தயங்குகின்றான்!

எதிர் விகிதத்திற்கு நூலின் நம்பரைக் காட்டுக. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை உள்ளனவோ அதுவே பருத்தி நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 33,600 கெஜம் இருக்கும். 20-ஆம் நம்பர் அதிற் பாதியே. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். உழவர் வீட்டுப் பிள்ளைக்கு மழைக் கணக்கு பொருந்தும். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 100 கன மீட்டர், அதாவது ஒரு இலட்சம் லிட்டர் நீர்.

சதவீதத்தில் ஒரு பொறி உண்டு. மீட்டருக்கு 10 ரூபாய்க் கூலி எனக் கொண்டு, அதனை 20 சதவீதம் உயர்த்திப் பின் 20 சதவீதம் குறைத்தால் பழைய நிலைக்கே வரும் எனப் பலரும் எண்ணுவர். 10 ரூபாய் 12 ஆகின்றது. 12-இல் 20 சதவீதம் 2 ரூபாய் 40 காசு. எஞ்சுவது 9 ரூபாய் 60 காசு. நாற்பது காசு எங்கே போயிற்று? உயர்த்தும்போது பத்தின்மேலும் குறைக்கும்போது பன்னிரண்டின்மேலும் கணக்கிட்டமையே காரணம். இது தேர்வுக்கு மட்டுமன்றிக் கூலிப் பேச்சுக்கும் உதவும் கணக்கு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

தேர்வின் அமைப்பையும் அறிந்திருத்தல் வேண்டும். 2025-ஆம் ஆண்டுக் க்யூட் தேர்வில் ஒவ்வொரு தாளுக்கும் 50 வினா, 60 நிமிடம். வினா ஒன்றுக்கு 72 வினாடியே கிடைக்கும். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 குறைவு, விடாமல் விட்டதற்கன்றி விடை எழுதாமல் விட்டதற்குக் குறைவில்லை. தெரியாத வினாவுக்கு விடை குறிக்கலாமா என்று பிள்ளைகள் கேட்பர். கண்ணை மூடிக் குறித்தால் நான்கில் ஒன்று சரியாகும் என எதிர்பார்க்கலாம். 5 வரும், 3 போகும். ஆகத் தடையில்லை. ஆயினும் இரண்டு விடைகளையாவது தவறென நீக்கிவிட்டுக் குறிப்பதே நல்லது. அப்போது இரண்டில் ஒன்று சரியாகும். தேர்வு கணிப்பொறியில் நடைபெறுவது. வினாத்தாள் தமிழிலும் கிடைக்கும். எந்த மொழித்தாள், எந்தப் பாடத்தாள் வேண்டும் என்பதைச் சேர விரும்பும் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்த பின்னரே தெரிவு செய்க.

ஊராட்சி செய்யக் கூடியது என்ன? 2006-ஆம் ஆண்டு தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகங்கள் கட்டப்பட்டன. அவற்றுட் பல மாலையில் பூட்டிக் கிடப்பதை நாமே கண்டிருக்கின்றோம். தறியோசையுள்ள வீட்டில் பத்தி வாசிப்புப் பயில்வது அரிது. ஆகவே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த நாள் முதல் நுழைவுத் தேர்வு வரை மாலை இரண்டு மணி நேரம் அக்கட்டடத்தைத் திறந்து, விளக்கும் விசிறியும் ஓடச் செய்து, ஊரிற் பட்டம் பெற்ற ஒருவரை உடனிருக்கச் செய்தால் போதும். 2025-இல் தேர்வு மே 13-ஆம் நாள் தொடங்கிற்று. இடைப்பட்ட வாரங்கள் மறுபார்வைக்குப் போதுமானவை.

விண்ணப்பமோ அதற்கு வெகு முன்னரே. அவ்வாண்டில் மார்ச்சு மாதத்திலேயே திறந்து மூடப்பட்டது. மார்ச்சு 22-ஆம் நாள் கிராம சபையில் அறிவித்தால் காலம் கடந்துவிடும். சனவரி 26-ஆம் நாள் கூட்டத்திலேயே பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைப் படித்துவிடுக. அன்றே ஆதார் அட்டையையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுக. ஒன்றில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும், மற்றொன்றில் முழுப் பெயர் என்று இருத்தல் நம் பக்கத்தில் மிகுதி. அதனைத் திருத்திக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும்.